"99 மே ரப்பர்" என்றதும் பணம் அனுப்பிவிடாதீர்கள்! எனக்கு 145 டாலர் போச்சு

சில நாட்களுக்கு முன் பள்ளி ஜிம்மில் என் பென்னிபிளேனின் (ரப்பர் முறுக்கின் சக்தியில் உள்ளரங்கில் பறக்கும் மாதிரி விமானம்) மோட்டார் குச்சி, அதாவது ரப்பரை மாட்டும் குச்சி, இரண்டாக ஒடிந்தது. ஒடித்தது, 145 டாலர் கொடுத்து நான் வாங்கிய ரப்பர்.

இந்த விமானங்களுக்குப் பயன்படும் டான் 2 என்ற ரப்பர் இப்போது தயாரிப்பில் இல்லை. அதிலும் 1999 மே மாதத் தொகுப்புக்கு இன்டோர் விமானக்காரர்களிடம் தனி மவுசு. அதே எடைக்குக் கூடுதல் சக்தியைத் தாங்கும். பழைய சாமான் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அந்தப் பெட்டி வந்திருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. விற்பவரை அழைத்துப் பேசினேன். அவர் எடுத்ததுமே கேட்டது, "கூரை எவ்வளவு உயரம்?" தாழ்ந்த கூரை என்றேன். "அப்போ ரப்பரை ஒல்லியா வெட்டுங்க, லூப்பை (முறுக்கி மாட்டும் ரப்பர் வளையம்) நீளமா வைங்க" என்றார். சரியான பதில்! கூரையைக் கேட்கிற ஆள் ஏமாற்றுவாரா? "இத்தனை வருஷமும் ஃபிரிட்ஜிலதான் இருந்தது" என்றார். லேபிள் படமும் வந்தது. அடுத்த நிமிடம் பணம் அனுப்பிவிட்டேன்.

நல்ல ரப்பரை எண்ணெய் தடவி ஐந்தாறு மடங்கு இழுத்து முறுக்கலாம். இதில் முதல் லூப் நாலு மடங்கிலேயே அறுந்தது. என் கைத்தவறு என்று நினைத்தேன். இரண்டாவதைக் குறைவாக முறுக்கி விமானத்தில் மாட்டினேன். கையை விடுவதற்குள் படாரென்று அறுந்து குச்சியையும் இறக்கையையும் கிழித்தது. விமானம் மொத்தமே 3.1 கிராம், ஒரு பழைய அமெரிக்க பென்னியின் எடை. இரண்டு மாத உழைப்பு. பிறகு பெட்டியில் சுருட்டியிருந்த ரப்பரின் உள்சுற்றை இழுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் வெடிப்பு!

விற்றவரை அழைத்தேன். "உங்க எண்ணெய் சரியில்லை" என்றார். மறுநாள் "வேகமா முறுக்கியிருப்பீங்க." அப்புறம் "ரப்பர்னா அப்படித்தான் சார்." இப்போது எடுப்பதே இல்லை. சந்தையிடம் முறையிட்டால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்களாம், பணம் திரும்ப வராதாம். பிரிக்காமல் எப்படி ரப்பரைச் சோதிப்பது? 145 டாலர்!

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இவ்வளவுதான்: முழுப் பெட்டி வேண்டாம், முதலில் பத்து கிராம் கேளுங்கள். உள்சுற்றிலிருந்து ஒரு துண்டை அறுந்துபோகும் வரை இழுத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். புது லூப்பை விமானத்துக்கு வெளியே முழுதாக முறுக்கிப் பாருங்கள்.

இன்று காலை அதே லேபிள் படத்தோடு இன்னொரு விளம்பரம் போட்டிருக்கிறார், 160 டாலராம். லேபிளின் இடது மூலை கிழிந்திருக்கும். பார்த்தால் வாங்காதீர்கள்.