அம்மாவின் சமையல் துணுக்குகள்: ஒட்டலாமா, லேமினேட் செய்யலாமா, உறையில் போடலாமா?

அம்மாவின் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தால் இருநூறுக்கு மேல் தாள்கள். வார இதழ்களில் கத்தரித்தவை, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியவை, பெரியம்மா இன்லேண்ட் லெட்டரில் எழுதி அனுப்பிய மாவடு அளவு. இவற்றைக் காப்பாற்ற, ஃபோனில் படமெடுப்பதையும் சேர்த்து நாலு வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன்.

நோட்டில் ஒட்டுவது பழைய வழக்கம், செலவும் குறைவு. ஆனால் துணுக்கின் பின்பக்கம் போய்விடும். எங்கள் வீட்டில் பாதிக் குறிப்புகள் பின்பக்கத்தில்தான் முடிகின்றன. மைதாப் பசை என்றால் ராமபாணப் பூச்சி தேடி வரும். செலோடேப் சில வருடங்களில் பழுப்பேறி, கழன்று, கறையை மட்டும் விட்டுப்போகும்.

லேமினேஷன் பார்க்கக் கெட்டியாக இருக்கிறது, எண்ணெய்க் கையோடு தொடலாம். அசலுக்கு மட்டும் அதைச் செய்யவே கூடாது என்பேன். சூட்டில் ஒட்டிய படலத்தைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. செய்தித்தாள் வகைக் காகிதத்தில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாவதும் உள்ளே தொடரும். பெரியம்மாவின் கடிதத்தைக் கடையில் கொடுத்தேன். படலத்தைத் தாளின் ஓரத்தை ஒட்டியே கத்தரித்துவிட்டார்கள். மழைக்காலத்தில் ஓரம் பிளந்து, ஈரம் புகுந்து, பேனா மை ஊறிவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை. ஜெராக்ஸ் எடுத்து அதை லேமினேட் செய்து அடுப்படியில் மாட்டுங்கள், அதற்கு இது அருமையான வழி.

அசலுக்கு என் தேர்வு, பிளாஸ்டிக் உறைகள் உள்ள ஏ4 ஃபைல். இரண்டு பக்கமும் படிக்கலாம், வேண்டும்போது உருவி எடுக்கலாம், வரிசையை மாற்றலாம். வாங்கும்போது பிளாஸ்டிக் வகையைக் கேளுங்கள். முக்கோணக் குறிக்குள் 5 என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன், நல்லது. 3 என்றால் பிவிசி; அதில் அச்சு மை ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். உள்ளே வைக்கும்முன் குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், துருக்கறை போகாது. ஃபைல் இருக்க வேண்டிய இடம் சமையலறைப் பரண் இல்லை, படுக்கையறை அலமாரி.

அப்புறம் ஃபோன். இதை உறைக்குப் போட்டியாக நான் பார்க்கவில்லை, துணையாகத்தான் பார்க்கிறேன். அக்கா, தம்பி வீடுகளுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வது இதில் மட்டும்தான். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் பதார்த்தமும் ஆள் பெயரும் இருக்கட்டும்: ‘மாவடு, பெரியம்மா’ என்று. அச்சுத் தமிழைக் கூகுள் லென்ஸ் நன்றாகவே எழுத்தாக்கித் தருகிறது. கையெழுத்தில் தடுமாறும், அதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும்.

நேரம் குறைவு என்றால் கையெழுத்துத் தாள்களை முதலில் எடுங்கள். அச்சுத் துணுக்கு வேறெங்காவது கிடைக்கக்கூடும், இது கிடைக்காது. எழுதியவர்கள் இருக்கும்போதே அளவுகளைக் கேட்டுவிடுவதும் முக்கியம். பலம் என்றால் ஏறக்குறைய 35 கிராம், ஆழாக்கு என்றால் படியில் எட்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுவிடலாம். அம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாய்த் தாளில் ‘கல்லுப்பு ஒரு கை’ என்று இருந்தது. அம்மாவையே அள்ளச் சொல்லித் தராசில் வைத்தேன்: 55 கிராம். அதைத் தனித் துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி, அதே உறைக்குள் வைத்திருக்கிறேன்.