காஜனூருக்கு ஒருநாள் கார்ப் பயணம்

பெங்களூரு அல்சூரிலுள்ள ஒரு வாடகைக் கார் நிறுவனத்தின் மூலம், கன்னட நடிகர் ராஜ்குமாரின் பூர்வீக ஊரான காஜனூருக்குக் குடும்பத்துடன் சென்று வந்தோம். ஈரோடு மாவட்டம் தாளவாடியை ஒட்டிய இவ்வூர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது என்பதே, பெங்களூருவில் வளர்ந்த என் பிள்ளைகளுக்குப் புதிய செய்தி.

ஓடு வேய்ந்த பழைய வீட்டின் முன் நெடுநேரம் நின்றோம். பிறகு வயல் வரப்பில் நின்ற மஞ்சள் செடியின் இலையைக் கசக்கி, என் மகளிடம் முகரக் கொடுத்தார் ஓட்டுநர். அந்த அன்பான கவனிப்புக்காகவே இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

வழிகாட்டியிடம் மட்டும் ஒரு குறை. 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் ராஜ்குமாரை இங்கிருந்து கடத்தி 108 நாட்கள் காட்டில் வைத்திருந்ததையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாடகக் கலைஞரான தந்தை புட்டசாமய்யாவிடமிருந்து ராஜ்குமாருக்கும், அவரிடமிருந்து சிவராஜ்குமார், ராகவேந்திரா, புனீத் ஆகிய மூன்று மகன்களுக்கும் நடிப்பு வழிவழியாக வந்ததையும், 2006இல் ராஜ்குமாரின் கண்களும் 2021இல் புனீத்தின் கண்களும் தானமாக வழங்கப்பட்டதையும் வழிகாட்டி ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. கார் சுத்தமாக இருந்தது. பேசிய தொகைக்கு மேல் எதுவும் கேட்கவில்லை.