ரங்கூனில் லேப்டாப்பும் கரண்டும்: அக்கா வீட்டில் இருந்து பார்த்தது

அமெரிக்காவில் இருந்து ரங்கூன் போகிற நம்மவர்கள் பெட்டி கட்டும்போது கேட்கிற முதல் கேள்வி, "அங்கே 230 வோல்ட்டாமே, லேப்டாப் சார்ஜர் தாங்குமா?" என்பதுதான். தாங்கும். சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கும் பர்மாவின் 230 வோல்ட்டுக்கும் அதே சார்ஜர் போதும். இப்போது வருகிற போன், டேப்லெட், கேமரா சார்ஜர்களில் அநேகமாக எல்லாம் இந்த ரகம்தான். டிரான்ஸ்பார்மர் வாங்கிச் சுமக்க வேண்டாம். பிளக் அடாப்டர் ஒன்று இருந்தால் சரி. அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அதனால் 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருக்கிற ஹேர் டிரையர், ரைஸ் குக்கர் எதையும் அக்கா தங்கச்சிக்கு ஆசையாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

சார்ஜர் விஷயம் அவ்வளவுதான். ஊரில் நிஜமான தலைவலி கரண்ட் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது. நான் தங்கியிருந்த நாட்களில் அக்கா வீட்டுத் தெருவில் நாலு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த எட்டு மணி நேரம் இருக்காது. அக்கா மகள் சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே டிசைன் வேலை பார்க்கிறாள். வீட்டு வாடகையும் அத்தானின் மருந்துச் செலவும் அந்தச் சம்பளத்தில் ஓடுகின்றன. அந்த ஒரு லேப்டாப்பும் இன்டர்நெட் பெட்டியும் எட்டு மணி நேரம் அணையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குடும்பம் படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு, ஊருக்குப் போகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பர்மாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணைகளில் இருந்து வருகிறது. மாசி பங்குனி தாண்டினால் தண்ணீர் இறங்கிவிடும். பழைய எரிவாயுக் கிணறுகளில் உற்பத்தி குறைந்துகொண்டு போகிறது. கப்பலில் வந்த திரவ எரிவாயு 2021-லேயே நின்றது. ஜப்பான் கொடுத்த போர் நஷ்டஈட்டில் கட்டி 1960-ல் ஓடத் தொடங்கிய பலூச்சாங் நீர்மின் நிலையத்தை 'லோபிதா' என்று எங்கள் அப்பா தலைமுறை பெருமையாகச் சொல்லும். அந்த லோபிதா கரண்ட் ரங்கூன் வரைக்கும் வந்தது. இன்றைய நகரத்துக்கு அது எந்த மூலைக்கு?

கரண்ட் திரும்பி வருகிற நிமிடத்தைக் கவனித்துப் பாருங்கள். தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லா பி!" (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்துவார்கள். அடுத்த நொடி ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும், ஏனென்றால் ஆறாம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அந்த நாலு மணி நேரம்தான் கிடைக்கிறது. அதே நேரத்தில் சோற்றுக் குக்கர், அயர்ன் பாக்ஸ், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து இழுக்கும். அக்கா வீட்டில் வோல்ட்டைச் சீராக்குகிற ரெகுலேட்டரின் (ஸ்டெபிலைசர்) முள் 230-ல் இருந்து சரிந்து 160-க்குப் பக்கத்தில் நடுங்குவதை நானே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மோட்டார்கள் நிற்க நிற்க, அது ஒரேயடியாக மேலே ஏறுகிறது.

இந்த இறக்கம் லேப்டாப்பை ஒன்றும் செய்யாது. 100 வோல்ட்டில் இருந்தே வேலை செய்கிற சார்ஜருக்கு 160 ஒரு பொருட்டே இல்லை. அடிபடுவது பிரிட்ஜும் மோட்டாரும்தான். வோல்ட் குறைந்தால் கம்ப்ரெஸர் கிளம்ப முடியாமல் திணறும், அதிகமாகக் கரண்ட் இழுக்கும், சுருள் சூடாகிக் கருகும். அதனால் வீட்டில் ஒரே ஒரு ரெகுலேட்டர்தான் இருக்கிறது என்றால் அதைப் பிரிட்ஜுக்கு விட்டுவிடுங்கள். லேப்டாப்புக்கு ஆபத்து ஏற்றத்தில் வருகிறது. கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்து பிளக்கைச் சொருகினாலே பாதி ஆபத்து போய்விடும். அத்தான் கரண்ட் போனவுடன் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். நல்ல பழக்கம்.

காளி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவரிடம் அக்கா மகள் என்னைக் கூட்டிப்போனாள். கடை ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலம். நான் அமெரிக்காவில் இருந்து வந்தவன் என்றதும் அவர் மேசைக்கு அடியில் இருந்து ஒரு வெள்ளை எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்து வைத்தார். திருகு கழற்றிய பெட்டி. உள்ளே மிட்டாய் அளவில் மூன்று வட்ட வில்லைகள். ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது, சுற்றிலும் பிளாஸ்டிக் கறுத்து உருகியிருந்தது.

"அமெரிக்கச் சரக்கு அண்ணே. சர்ஜ் வந்தா காப்பாத்தும்னு ஒரு அம்மாவுக்கு மகன் அனுப்பி வச்சது. சொருகின உடனே புகை."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த வில்லைகளின் வேலை, வோல்ட் ஓர் அளவைத் தாண்டினால் கரண்டைத் தன் வழியாக இழுத்துக்கொள்வது. 120 வோல்ட் நாட்டுக்குச் செய்த பெட்டியில் அந்த அளவு சுமார் 150 வோல்ட். ரங்கூனில் சாதாரண நாளிலேயே 230 ஓடுகிறது; அலையின் உச்சி 325 வரை போகிறது. அதனால் அந்த வில்லை சும்மா இருக்கவே முடியாது, தொடர்ந்து இழுத்து எரிந்துபோகிறது. அதில் சொருகுகிற லேப்டாப் சார்ஜர் இரண்டு வோல்ட்டுக்கும் பொருந்துவதுதான். பாதுகாப்புக்கு என்று வாங்கியதே தீப்பிடிக்கிறது. அமெரிக்க எக்ஸ்டென்ஷன், அமெரிக்க யூபிஎஸ் இரண்டையும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். 230 வோல்ட்டுக்குச் செய்தது ரங்கூனிலேயே கிடைக்கும், வழியில் பாங்காக்கிலும் வாங்கலாம்.

சொந்தக்காரர்கள் கார்கோவில் அனுப்புகிற பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களைப் பற்றியும் பாய் எச்சரித்தார். சிலவற்றில் பவர் சப்ளையின் பின்பக்கம், மின்கம்பி சொருகுகிற இடத்துக்கு அருகில் சிவப்பாக ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்; 115 அல்லது 230 என்று தெரியும். 115-ல் விட்டு ரங்கூன் கரண்டில் போட்டால், அந்த ஸ்விட்ச் வருகிற வோல்ட்டை இரட்டிப்பாக்குகிற அமைப்பு என்பதால், உள்ளே கெப்பாசிட்டர் வெடித்துவிடும். அனுப்புகிறவரே ஸ்க்ரூ டிரைவர் முனையால் 230-க்குத் தள்ளிவிட்டு, மேலே டேப் ஒட்டி அனுப்பலாம்.

அப்புறம் இன்னொரு விஷயம், பலர் பயப்படுவது. உலோக உடம்பு லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு மூடியின் மேல் விரலை இழுத்தால் சுர்ரென்று ஒரு கூச்சம் வரும். அக்கா மகளின் லேப்டாப்பில் பாய் டெஸ்டரை வைத்துக் காட்டினார். உள்ளே இருக்கிற சின்னக் குழல் விளக்கு மங்கலாகச் சிவந்தது. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சிறு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் அதன் கசிவுக்குப் போக்கிடம் இல்லாமல் உடம்புக்கு வந்து நிற்கிறது. அளவு மிகச் சிறியது, நல்ல சார்ஜராக இருந்தால் ஆளுக்கு ஆபத்து இல்லை. மூன்று முள் கம்பி போட்டு, சுவர்ப் பெட்டியிலும் எர்த் நிஜமாகவே இணைந்திருந்தால் கூச்சம் நின்றுவிடும். ஆனால் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களில் மூன்று துளை இருந்தாலும் எர்த் கம்பி இருக்கும் என்று சொல்ல முடியாது. சந்தைச் சார்ஜர் என்றால் கதை வேறு. மலிவான போலிச் சார்ஜரில், சுவர்க் கரண்டையும் நம் கை படுகிற பக்கத்தையும் பிரிக்கிற தடுப்பு சரியாக இல்லாமல் 230 நேராகவே வெளியே வந்துவிடலாம். ஊருக்கு என்ன வாங்கிப்போவது என்று யோசிப்பவர்களுக்கு என் யோசனை, நல்ல கம்பெனியின் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர். போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒன்றே ஆகும், எடையும் இல்லை.

இனி பேட்டரி. ரங்கூன் வீடுகளில் பாதி பேச்சு இதுதான். அக்கா வீட்டில் 12 வோல்ட், 100 ஆம்ப்-அவர் ஈயப் பேட்டரி ஒன்றும் உள்ளூரில் காயில் சுற்றிச் செய்த இன்வெர்ட்டர் ஒன்றும் இருந்தன. பேட்டரி ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தந்து ஏமாற்றிவிட்டார் என்பது அத்தானின் வருத்தம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ஈயப் பேட்டரிக்கு 10 ஆம்ப் அளவில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். முழுக்க நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிடைப்பதோ நாலு மணி நேரம். மறுபடி எட்டு மணி நேரம் வடிகிறது. ஒரு நாள்கூட நிரம்பாமல் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எந்தச் சார்ஜருக்கும் அது மசியாது. அந்த நேர அட்டவணையில் எந்தக் கம்பெனி ஈயப் பேட்டரியும் நீண்ட நாள் உழைக்காது. கடைக்காரர் மேல் தப்பு இல்லை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இங்கேதான் கை கொடுக்கிறது. ரங்கூன் கடைகளில் இப்போது சீனச் சரக்காக நிறையக் கிடைக்கிறது. அதே 100 ஆம்ப்-அவர் அளவுக்கு 30, 40 ஆம்ப் கொடுத்தால் ஏறிக்கொள்ளும், மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிடும், நாலு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. கொள்ளளவு சுமார் 1280 வாட்-அவர். அதில் முக்கால்வாசிக்கு மேல் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஈயத்தில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், அதாவது 600 வாட்-அவர்தான் கையில். அக்கா வீட்டுச் செலவு இப்படி: லேப்டாப் 30 வாட், இன்டர்நெட் பெட்டி 10, இரண்டு எல்இடி பல்பு 20, மின்விசிறி 50. மொத்தம் 110. எட்டு மணி நேரத்துக்கு 880 வாட்-அவர், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் ஆயிரம் பக்கம். ஈயத்தில் ஐந்தாவது மணியில் இருட்டு; லித்தியத்தில் எட்டும் தாண்டும். ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் கேட்டு வாங்க வேண்டும்: பழைய இன்வெர்ட்டரில் இருக்கிற சார்ஜர் ஈயத்துக்கானது, லித்தியத்துக்கு அமைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டக் கூடாது.

இதைவிடச் சிக்கனமான வழி ஒன்றும் உண்டு. இன்டர்நெட் பெட்டிகளில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டரில் 230 ஆக்கி, அதை அடாப்டரில் மறுபடி 12 ஆக்குவது வீண். இதற்கென்றே கையடக்கமாக ஒரு டிசி யூபிஎஸ் கிடைக்கிறது. பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப், நடுமுள் பாசிட்டிவ்வா என்று பார்த்து வாங்கினால் போதும். லேப்டாப்பையும் காரில் சொருகுகிற யூஎஸ்பி-சி சார்ஜர் வழியாகப் பேட்டரியில் இருந்தே நேராக ஏற்றலாம். இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்த அன்று ராத்திரி, இன்வெர்ட்டரின் இரைச்சல் இல்லாமல் அக்கா மகள் வேலை செய்தாள். "மாமா, மீட்டிங்ல என்னை யாரும் திரும்பச் சொல்லுன்னு கேக்கலை" என்றாள்.

விமானத்தில் என்ன கொண்டுபோகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவர் பேங்க் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம்; 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும்; அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோகவே முடியாது. மில்லி ஆம்ப்-அவரை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு வரும்: 20,000 என்றால் 74. ஆகவே அண்ணன் தம்பிக்கு என்று 'பவர் ஸ்டேஷன்' என்கிற பெரிய பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட் வரை போய் அலைய வேண்டாம், பணமாகக் கொடுத்து ரங்கூனிலேயே வாங்கச் சொல்லுங்கள். தாய் ஏர்வேஸ் 2025 மார்ச்சில் இருந்தும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலில் இருந்தும் பறக்கும்போது பவர் பேங்க்கில் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டன. நாம் ரங்கூன் போவது பெரும்பாலும் இந்த வழிகளில்தான், போனை ஏறும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் தங்குகிறவர்கள் ஜெனரேட்டர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று அறை எடுக்கும் முன் கேளுங்கள். "24 மணி நேரமும் கரண்ட்" என்று போட்டிருந்த ஓரிடத்தில் நடுராத்திரிக்கு மேல் ஜெனரேட்டரை அணைத்துவிட்டார்கள். பேசியதில் வரவேற்பறையில் ஒரு பிளக் மட்டும் கொடுத்தார்கள். அதற்கு நேர்மாறாகத் தெருமுனைத் தேநீர்க் கடைகளில், ஒரு டீ குடித்துவிட்டு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

கடைசியாகப் பழைய பேட்டரி. ஈயப் பேட்டரி செத்துப்போனாலும் கடைக்காரர் எடை போட்டு விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறார். ஊதிப்போன பவர் பேங்க்கையும் லேப்டாப் பேட்டரியையும் அப்படிக் கேட்டு வாங்க ஆள் இல்லை. அக்கா வீட்டில் அவை அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தன. அவற்றைச் சார்ஜ் போடாமல், குத்தாமல், மணல் நிரப்பிய மண் சட்டியில் போட்டு பால்கனியில் நிழலாக வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டிலும் போய் இறங்கிய முதல் நாளே அலமாரியைத் திறந்து பாருங்கள்.