வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தங்குமிடம்: காசு கொடுக்கலாமா?

இடத்தின் பெயரையும் தெருவையும் எழுத மாட்டேன். வீட்டில் அடி தாங்காமல் ஓடி வந்த பிள்ளையைத் தேடி அடித்தவரே வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று அவர்கள் பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. யாழ் நகருக்குக் கிட்ட, பொடியன்களுக்கான அவசரத் தங்குமிடம், அவ்வளவு போதும். நான் மாதாமாதம் கொஞ்சம் காசு கொடுக்கிறேன், பின்னேரங்களில் கணிதம் சொல்லிக் கொடுக்கவும் போவேன். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்கிறபடியால் எழுதுகிறேன். கொடுக்கலாம், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசித்துக் கொடுங்கள்.

பஸ் நிலையத்தில் இரவு தனியாக இருந்த ஒருவனை யாராவது கூட்டி வந்தால் முதலில் குளிக்கத் தண்ணீர், மாற்று உடுப்பு, சூடாகப் புட்டோ இடியப்பமோ. ஏன் ஓடி வந்தாய் என்ற விசாரணை விடிந்த பிறகுதான். அதற்காகச் சட்டத்தைத் தாண்டுவதும் இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவன் என்றால் நன்னடத்தை அலுவலருக்கு அறிவிப்பார்கள், வீடா, உறவினரா, சிறுவர் இல்லமா என்பது நீதவானின் உத்தரவுப்படிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள உளவளத்துணையாளரின் வேலை. ஓ.எல் (சாதாரண தரப்) பரீட்சை முடிவுக்குப் பயந்து ஓடியவனுக்கும், குடித்துவிட்டு அடிக்கிறவருக்குப் பயந்து ஓடியவனுக்கும் ஒரே புத்திமதி சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டார். முதலாமவனின் தாய் தகப்பனோடு இருந்து பேசி, பள்ளிக்கூடத்தோடும் கதைத்து, வீட்டுக்குப் போன பிறகும் போய்ப் பார்த்து வருவார். இரண்டாமவன் விஷயத்தில் வீடு பாதுகாப்பில்லை என்று அறிக்கையில் தெளிவாக எழுதிக் கொடுப்பார். பிள்ளை திரும்ப ஓடாமல் இருப்பது இந்த வேலையால்தான்.

இனி காசு. கட்டில், மெத்தை, மின்விசிறி எதற்கும் குறைவில்லை, ஏனென்றால் அவற்றில் கொடுத்தவர் பெயரை எழுதலாம். விடியும்வரை விழித்திருக்கும் பொறுப்பாளரின் சம்பளத்துக்குத்தான் காசு கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. கனடாவில் மகனுக்குப் பிறந்தநாள் என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு அனுப்புவார்கள், நல்ல மனம்தான், ஆனால் பிள்ளைகள் வரிசையில் இருந்து சாப்பிடும் படத்தையும் கேட்பார்கள். இவர்கள் படம் அனுப்புவதில்லை. முகநூலில் முகம் தெரிந்தால் ஒளித்து வைத்ததில் என்ன பயன்? அடுத்த வருடம் அந்தக் காசு படம் போடுகிற வேறொரு இல்லத்துக்குப் போய்விடும். பிள்ளையை ஒழுங்காகப் பாதுகாக்கிற இடம் அதனாலேயே காசை இழக்கிறது, இதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

அமெரிக்காவில் வீட்டை விட்டு ஓடிய, வீடற்ற இளையோருக்கென்றே 1974 இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் கீழ் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 21 நாள்வரை அவசரத் தங்குமிடத்துக்கு மத்திய அரசின் நிதி உண்டு. 16 முதல் 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சாதாரணமாக 540 நாள்வரை தங்க இடமும் தனித்து வாழப் பழகும் உதவியும் கிடைக்கிற இன்னொரு திட்டமும் உண்டு. அங்கும் எல்லோருக்கும் கட்டில் கிடைக்கிறதென்று இல்லை, என்றாலும் அன்றைக்கு இரவுக்கு ஒன்று, அதற்குப் பிறகான வாழ்க்கைக்கு இன்னொன்று என்று காசைப் பிரித்து யோசித்திருக்கிறார்கள்.

இங்கே அந்த இரண்டாவது பகுதி பெரிய ஓட்டை. 18 முடிந்தவனுக்கு வேலை பழக, வாடகை அறை எடுக்க, பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் எடுத்துக் கொடுக்க என்று தனி நிதி ஒன்றும் இல்லை, இருக்கிற காசில் சமாளிக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இடமே இல்லை, இரவில் வந்தால் ஆட்டோ பிடித்து, கூட ஒரு பெண்ணையும் ஏற்றி வேறு இல்லத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. சனி ஞாயிறுகளில் உளவளத்துணையாளர் கிடையாது. கணக்கறிக்கையும் சுணங்கித்தான் வரும், வந்தால் மட்டும் சவர்க்காரம் வாங்கிய பில் துண்டுவரை இருக்கும். இந்தக் குறைகளுக்காக ஐந்துக்கு நான்கு புள்ளிதான் கொடுப்பேன்.

கொடுக்க நினைப்பவர்கள் பெரிய தொகையை ஒரே தடவையில் போடாமல், சிறிய தொகையென்றாலும் வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி செய்யுங்கள். சம்பளத்துக்கென்றே எழுதிக் கொடுங்கள், படத்துக்குப் பதிலாகக் கணக்கைக் கேளுங்கள். எனக்குத் தனியாக எழுதினால் பொறுப்பாளரிடம் கேட்டுத் தொடர்பு தருவேன். காசில்லாதவர்களும், தெருவில் தனியாக ஒரு பிள்ளையைக் கண்டால் 1929 க்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், 24 மணிநேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.