முழு அளவு முதுகெலும்பு மாடல்: எலும்பு இருக்கு, ஜவ்வு எங்கே?

கோத்தகிரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தேயிலை பறிக்கிற அக்காக்கள், கேரட் மூட்டை தூக்குகிற அண்ணன்கள். கையில் எடுத்துக் காட்டினால்தான் புரியும் என்று இடுப்பெலும்போடு சேர்ந்த இந்த மாடலை ஆன்லைனில் வாங்கினேன், விலை ஆறாயிரத்துக்குள்.

எலும்பு வேலை அருமை. இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு முள்ளெலும்புகளான எல்4-க்கும் எல்5-க்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கியதைச் சிவப்பில் காட்டியிருக்கிறார்கள், நரம்புகள் மஞ்சள் ரப்பர்.

ஆனால் எலும்போடு எலும்பைப் பிணைக்கிற ஜவ்வு, அதாவது லிகமென்ட், ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பிடித்திருப்பது உள்ளே ஓடும் கம்பிதான், அதனால் பின்னால் எவ்வளவு சாய்த்தாலும் பாம்பு மாதிரி வளைகிறது. நிஜத்தில், மண்டையோட்டின் அடியிலிருந்து முதுகெலும்பின் அடியில் இருக்கிற திரிக எலும்பு வரை முன்பக்கமாகப் பட்டையாக இறங்குகிற ஜவ்வு அதற்கு விடாது. தண்டுவடக் குழாய்க்குள் ஓடுகிற பின்பக்கத்து ஜவ்வோ இடுப்புக்கு வரவர ஒடுங்கிவிடும். அதனால்தான் டிஸ்க் பெரும்பாலும் ஓரமாகப் பிதுங்கிக் காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. "இடுப்புதானே பிடிச்சது, கால் ஏன் சார் வலிக்குது?" என்று கேட்பவருக்கு இந்த மாடலை வைத்துப் பாதிப் பதில்தான் சொல்ல முடியும்.

சரி என்று நானே ஒட்டிவிட்டேன். முன்பக்கம் பாவாடை நாடா, முள்ளெலும்புகளின் பின்பக்கத் தகடுகளுக்கு நடுவே தையல் கடை எலாஸ்டிக். அந்த எலாஸ்டிக்தான் அந்தத் தகடுகளை இணைக்கிற ஜவ்வு, லிகமென்டம் ஃப்ளேவம். இழுபடும் எலாஸ்டின் நார் நிறைந்தது என்பதால் அதன் நிறமே மஞ்சள். குனிந்தால் நீளும், நிமிர்ந்தால் சுருங்கும். வயதாக ஆக அது தடித்துத் தண்டுவடக் குழாயை நெருக்கும், நிமிர்ந்தால் இன்னும் உள்ளே புடைக்கும். மேட்டில் குனிந்து ஏறும்போது ஒன்றும் தெரியாமல், நிமிர்ந்து இறங்கும்போது மட்டும் கால் மரத்துப்போகிற பாட்டிகள் இங்கே உண்டு, அவர்களுக்கு எலாஸ்டிக்கைத் தொட்டுக் காட்டினால் உடனே தலையாட்டுகிறார்கள் (மகனுக்கும் காட்டச் சொல்கிறார்கள், அது வேறு கதை).

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை வாங்க வேண்டாம், லிகமென்ட் வைத்த மாடல் தனியாகக் கிடைக்கிறது, விலைதான் கூட. கிளினிக்குக்குப் போதும், நாடா ஒட்டப் பொறுமை இருந்தால்.

அப்புறம் ஸ்டாண்ட். நம்ம ஊர் பனிக்கும் மழைக்கும் அந்த இரும்பு தாங்காது, ஸ்க்ரூ எல்லாம் துரு. மாற்றித் தரச் சொல்லி விற்றவருக்கு எழுதினேன், பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்.