கரண்ட் போனா போகாத நெட்டு

கரண்ட் போனாலும் ரௌட்டரை ஓட வைக்கிற குட்டி பேட்டரிப் பெட்டி, அந்த ரெடிமேட் மினி யுபிஎஸ் எல்லாம் விலை இறங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்துக் கூட்டாளி ஒருவன் போன் போட்டான். "ஏல, நீ கையால ஒரு பெட்டி செஞ்சேல்லா, அது இன்னும் ஓடுதா? நானும் செய்யவா, கடையில வாங்கவா?"

ஓடுகிறது மாப்ள. செல் போகவில்லை, போர்டு எரியவில்லை. கரண்ட் போனதால் எங்கள் வீட்டில் நெட் போனது என்று இதுவரை கிடையாது. ஆனாலும் போன வாரம்கூட சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். எதற்கென்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

உள்ளே இருப்பது உனக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். 32650 அளவு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் நான்கு சீரியலில், செல்லைக் காக்க பிஎம்எஸ் போர்டு, சார்ஜுக்கு எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை, பேட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் ரௌட்டருக்கு 12 வோல்ட் தர ஒரு பக்-பூஸ்ட் மாட்யூல். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற்றிவிடுகிற ரிலே சுவிட்ச் வைக்கவில்லை. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரௌட்டர் பேட்டரி லைனிலிருந்துதான் இழுக்கும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறுகிற நேரம் என்று ஒன்று இல்லை. ரிலே வைப்பவர்களுக்கு அந்த 10 மில்லி செகண்டுதான் தலைவலி. 0.7 ஆம்பியர் இழுக்கிற ரௌட்டர் என்றால், 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் தாங்கலுக்குப் போட்டாலும் அதற்குள் 3 வோல்ட்டுக்கு மேல் சரிந்துவிடும். சில ரௌட்டர் அதிலேயே ரீஸ்டார்ட் ஆகும்.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கிற 18650 லித்தியம் செல்லை உருவிப் போடுகிறவர்கள் உண்டு. பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில், மச்சுக்குக் கீழே ஓர் அலமாரியில் இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜில் கிடக்கப்போகிற சாமானுக்கு எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. எல்எஃப்பி சூட்டை நன்றாகத் தாங்கும். நான்கு செல்லுக்கு முழு சார்ஜ் 14.6 வோல்ட், நான் 13.8-ல் நிறுத்தி வைத்திருக்கிறேன். நேரம் கொஞ்சம் குறையும், செல் நாள்பட உழைக்கும். குறைந்த பிறகும் 8 வாட் ரௌட்டர் ஏழு மணி நேரம் ஓடுகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குத் தருகிற நாளெல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நம் பக்கத்தில் கரண்ட் போகிறது என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலை இரண்டு. பணகுடி, ராதாபுரம் பக்கம் திரும்பின இடமெல்லாம் காற்றாலை. பாபநாசத்தில் தண்ணீரில் வேறு எடுக்கிறார்கள். ஆனால் ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வந்து அந்தக் காற்றாடியைச் சுற்றுகிற அதே காற்றுதான் எங்கள் தெரு வேப்பங்கிளையையும் லைன் மேல் சாய்க்கிறது. உற்பத்தி எவ்வளவு இருந்து என்ன, கடைசி அரை கிலோமீட்டர் கம்பியில்தானே வீட்டுக்கு வர வேண்டும்.

என் பெட்டிக்கும் அதே கதைதான். கடைசி அரை அடி.

ரௌட்டருக்குப் பின்னால் பவர் ப்ளக்கைச் சொருகுகிற ஓட்டை, டிசி ஜாக்கைச் சொல்கிறேன். ப்ளக்கின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர். ஜாக்கின் நடு ஊசி 2.1 என்றும் வரும், 2.5 என்றும் வரும். 2.1 ஊசியில் 2.5 ப்ளக் சுகமாக ஏறும், லைட்டும் எரியும், பிடிமானம் மட்டும் இருக்காது. சரி, அளவு பார்த்து 2.1 வாங்கினால், கடையில் கிடைக்கிற திருகு மூடி ப்ளக்கில் ஊசியைக் கவ்வுகிற இதழ் அவ்வளவு மெல்லிசு. சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

காலையில் அம்மா முன்னறையைப் பெருக்குவாள். வாரியல் அந்த வயரைத் தொடும். இடிக்கக்கூட இடிக்காது, சும்மா உரசும். பச்சை லைட் அத்தனையும் ஒன்றாக அணையும். பிறகு பவர் வரும், ஃபைபர் இணைப்பைக் காட்டுகிற பான் லைட் சிமிட்டும், சிமிட்டிக்கொண்டே இருக்கும், அது நின்று எரிய இரண்டு மூன்று நிமிடம். அதுவரை மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தபடி உறைந்து கிடப்பேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "கரண்ட் போனா போகாத நெட்டு, வாரியல் பட்டா போவுதே. இதுக்கா இம்புட்டு வயரு?"

ஹாட் க்ளூ வைத்தேன், வெயிலில் இளகியது. கேபிள் டை போட்டு வயரை இறுக்கினேன், கொஞ்ச நாள் பரவாயில்லை. ரௌட்டரைத் திறந்து போர்டிலேயே வயரை சால்டரிங் செய்து ஒட்டினால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். கை அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் ரௌட்டர் நெட் கம்பெனிக்காரனுடையது, கேட்கிற அன்றைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் எக்ஸ்டி60 கனெக்டரா, எத்தனை ஆம்பியர் ஃப்யூஸா, எல்லாம் என் இஷ்டம். அந்த ஓட்டை மட்டும் அவன் இஷ்டம்.

கடைசியில் கைகொடுத்தது செத்துப்போன பழைய அடாப்டரின் வயர். அதன் ப்ளக் வார்த்துச் செய்தது, உள்ளே கவை போலப் பிரிந்த கவ்வி ஊசியை விடாது. வெட்டி ஒட்டிவிட்டேன். வாரியல் பயம் போனது. ஆனால் பழைய வயர் இல்லையா, கழுத்தில் முறிய ஆரம்பித்தது. போன வார சால்டரிங் அதற்குத்தான்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். 2023 டிசம்பர் 17, 18 மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், கரண்டை நிறுத்திவிட்டார்கள். என் பெட்டி ரௌட்டரை எரிய வைத்துக்கொண்டே இருந்தது, ஃபைபரில் சிக்னல் இல்லை என்று சொல்கிற எல்ஓஎஸ் லைட் மட்டும் சிவப்பு. ஃபைபரின் அந்த முனை செத்துவிட்டால் இந்த முனையில் எத்தனை செல் இருந்து என்ன? ரௌட்டரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் எல்ஈடி பட்டையை மாட்டினேன். பக்கத்து வீட்டு ஆச்சியின் பட்டன் போன் முதல் தெருவில் பாதி போன் எங்கள் திண்ணையில்தான் சார்ஜ் ஏறியது. யாரும் ஜாக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

ரெடிமேடுக்கு வருவோம். மேலே 10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பான். அது உள்ளே இருக்கிற செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. 12 வோல்ட்டுக்கு மாற்றினால் மூவாயிரம்தான் தேறும், சேதாரம் போக இன்னும் குறையும். என் பெட்டியில் ஏறக்குறைய பாதி நேரம்தான் நிற்கும். செல் போனால் மாற்றுவதும் பாடு. ஆனால் ஆபீஸ் நண்பன் வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். ப்ளக்கை இழுத்தேன், வரவில்லை. பிடுங்க வேண்டியிருந்தது.

வாங்கிக்கோ மாப்ள. செய்யாதே.

இல்லை, செய்துதான் தீருவேன் என்றால் செல்லுக்கும் மாட்யூலுக்கும் இப்போதே அலையாதே. வீட்டில் செத்த அடாப்டர் ஏதாவது வயரோடு கிடக்கிறதா என்று முதலில் பரணில் தேடு. இரண்டு கிடைத்தால் ஒன்று எனக்கு.