தண்டையார்பேட்டையிலிருந்து லினக்ஸ் டிரைவருக்குப் பேட்ச்: நீண்ட நாள் அனுபவம்

சில வருஷமாக ஓய்வு நேரத்தில் நான் செய்துவரும் வேலை இது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், யுஎஸ்பியில் மாட்டும் நெட்வொர்க் அடாப்டரை இயக்கும் ஒரு ஈதர்நெட் டிரைவருக்குப் பிழைதிருத்தம், அதாவது பேட்ச், அனுப்புகிறேன், மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களையும் பார்த்துக் கருத்து சொல்கிறேன். சம்பளம் கிடையாது. அடாப்டரின் வேகம், சூடு பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் பழுதைச் சரிசெய்து உள்ளே சேர்க்கும் வழிமுறை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இதில் கோடு, அதாவது நிரல், எழுதுவது சின்ன வேலைதான். அந்தக் கோடு ஏன் வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒருவருக்குப் புரியவைப்பதில்தான் பாதி உயிர் போய்விடும். எழுதப் பிடிக்காதவர்களுக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது.

வட சென்னையில் இருப்பது இதற்கு ஒரு வசதி என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நிஜம். எங்கள் தெருவில் இன்டர்நெட் கேபிள் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவித்தான் வருகிறது. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், நெட்வொர்க் ஸ்விட்ச் அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் ஸ்விட்ச் எழுந்துகொள்ளும். டிரைவரைப் பொறுத்தவரை லிங்க், அதாவது கேபிள் வழி இணைப்பு, விழுந்து எழுகிறது, அவ்வளவுதான். மே மாதச் சாயங்காலங்களில் இது திரும்பத் திரும்ப நடக்கும். போதாக்குறைக்கு உப்புக் காற்று வேறு. காசிமேட்டில் நண்பர் கடையில் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் ஆர்ஜே45 முனையில் பச்சை பூத்திருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், நூறு மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். அதனால் ஒரு ஜோடி கெட்டுப்போனால் லிங்க் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். ஏசி அறையில் நல்ல கேபிளோடு உட்கார்ந்து சோதிப்பவர்களுக்கு இந்தப் பாதையெல்லாம் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

எனக்குக் கிடைத்த பழுதும் இப்படி வந்ததுதான். கரண்ட் போய் வந்த பிறகு சில சமயம் நெட் வராது. நெட்வொர்க் நிலையைக் காட்டும் இத்தூல் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் லிங்க் வேகம் சம்பந்தமே இல்லாத எண்ணாக இருக்கும். அடாப்டரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்பதால் எல்லோரும் அப்படியே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது காரணம் ரொம்பச் சாதாரணம். அடாப்டர் சிப் தன் நிலையைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்டரைப் படிக்க டிரைவர் யுஎஸ்பி வழியாக ஒரு கேள்வி அனுப்புகிறது. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் மின்சாரம் சேமிக்கும் மென்பொருள் யுஎஸ்பி அடாப்டரைத் தூங்கவைத்துவிடும். அது எழுந்துகொள்ளும் நேரத்தில் கேட்டால் சில சமயம் பதில் வராது, பிழை எண்தான் திரும்பி வரும். டிரைவர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்த குப்பை மதிப்பையே லிங்க் நிலை என்று எடுத்துக்கொள்கிறது. இந்த வகைப் பழுது யுஎஸ்பி டிரைவர்களில் புதிதல்ல. கூகுளின் சிஸ்பாட் என்ற தானியங்கிப் பழுதுதேடி இதே ரகத்தைப் பல டிரைவர்களில் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

திருத்தம் சில வரிகள்தான். பிழை எண் வந்தால் திரும்பிவிடு, கேட்டதைவிடக் குறைந்த பைட்டுகள் வந்தாலும் திரும்பிவிடு. இரண்டாவது நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிழை எண் எதிர்மறையாக வரும், ஆனால் இரண்டு பைட் கேட்டு ஒரு பைட் வந்தால் அது நேர்மறை எண். மீதி ஒரு பைட் பழைய குப்பைதான்.

கோடு முடிந்ததும் கமிட் செய்தி, அதாவது மாற்றத்தோடு சேர்ந்து பதிவாகும் விளக்கம். பயனருக்கு என்ன தெரிகிறது, ஏன் நடக்கிறது, இந்தத் திருத்தம் எப்படி நிறுத்துகிறது என்று எழுத வேண்டும். எந்த வரி எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டுத் தேடி, பழுதைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் அடையாளக் குறியீட்டில் முதல் 12 எழுத்துகளை 'ஃபிக்ஸஸ்' வரியில் போட வேண்டும். இந்த வரி இருந்தால்தான் எந்தெந்தப் பழைய கெர்னலுக்கு இந்தத் திருத்தம் போக வேண்டும் என்று தெரியும். தலைப்பில் 'நெட்' என்று குறிப்பிட்டால் அது திருத்தம், 'நெட்-நெக்ஸ்ட்' என்றால் புதிய வசதி. கடைசியில் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி. இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று நாமே கொடுக்கும் உறுதிமொழி அது, 2004லிருந்து நடைமுறையில் இருக்கிறது.

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி என்னிடம் இதைக் கற்றுக்கொள்ள வருவான். என் கமிட் செய்தியைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, கோடு மூணு வரி, கதை முப்பது வரி?" என்றான். "கோடு கம்ப்யூட்டருக்குடா, கதை அஞ்சு வருஷம் கழிச்சு இத மாத்த வர்றவனுக்கு" என்றேன். அவனுடைய முதல் பேட்ச் போனபோது அவன் எழுதிய கதை என்னுடையதைவிட நீளம்.

அனுப்பும் முறை மின்னஞ்சல்தான், அதுவும் வெறும் எழுத்தாக. ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறிவிடும், பேட்ச் ஒட்டவே ஒட்டாது. கிட் சென்ட்-ஈமெயில் கட்டளையை ஒருமுறை அமைத்துவிட்டால் அப்புறம் தொல்லையில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் பி4 கருவியைத்தான் சொல்வேன். மெயில் சர்வர் அமைக்காமலே அனுப்ப அதில் வழி இருக்கிறது, யாருக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதுவே தேடித் தருகிறது. அனுப்புவதற்கு முன், நடைப் பிழைகளைக் காட்டும் செக்பேட்ச் ஓட்டாமல் விடாதீர்கள்.

கெர்னல் பதிவிறக்கம், கம்பைல் (கோடைக் கணினி ஓட்டும் வடிவமாக்குவது) பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னுடையது ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின். லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளை போட்டால் தேவையான மாட்யூல்கள் மட்டும் கம்பைல் ஆகும், ஃபேன் கொஞ்சம் மூச்சு விடும்.

இனி ரிவ்யூ, அதாவது அனுப்பிய பேட்சை மற்றவர்கள் பார்த்துக் கருத்து சொல்வது. பதில்கள் பெரும்பாலும் நம் ஊர் ராத்திரியில் வரும். குரல் கறாராக இருக்கும், ஆனால் மரியாதைக் குறைவாக யாரும் என்னிடம் பேசியதில்லை. "இதை எப்படிச் சோதித்தீர்கள்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. பழுதோடு சேர்த்து அழகுபடுத்தும் வேலையும் செய்தால் பிரிக்கச் சொல்வார்கள். தனியாக அழகுபடுத்தும் பேட்ச் மட்டும் அனுப்பினாலும் நெட்வொர்க் பகுதியில் விரும்புவதில்லை. செயல்பாட்டின் உள்ளே மாறிகளை நீளமான வரியிலிருந்து குட்டையான வரிவரை இறங்குமுகமாக அடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எனக்கு இன்னும் அதில் பெரிய நியாயம் தெரியவில்லை. இருந்தாலும் கை பழகிவிட்டது.

திருத்திய பதிப்பை மறுபடி அனுப்ப 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மற்ற நேரமண்டலத்தில் இருப்பவர்களும் பார்க்க அவகாசம் வேண்டும் அல்லவா? ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டுக்குப் பிறகும் இரண்டு வாரம் போல நெட்-நெக்ஸ்ட் மூடிக்கிடக்கும். அப்போது புதிய வசதி எதையும் அனுப்பக்கூடாது, திருத்தங்களுக்கு மட்டும் தடையில்லை.

மற்றவர்கள் பேட்சைப் பார்ப்பதில்தான் நான் அதிகம் கற்றேன். ஒருமுறை ஒருவர் பாக்கெட் அனுப்பும் செயல்பாட்டில் மெமரி கசிவை (எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் விடுவதை) அடைத்திருந்தார். யுஎஸ்பிக்குக் கொடுக்க முடியாதபோது பாக்கெட்டை விடுவித்துவிட்டு 'பிஸி' என்று திருப்பி அனுப்பியிருந்தார். பார்த்தால் சரி போலத்தான் தெரியும். ஆனால் 'பிஸி' என்று சொன்னால் மேலடுக்கு அதே பாக்கெட்டை மறுபடி வரிசையில் வைக்கும், ஏற்கெனவே விடுவித்த மெமரியை மறுபடி தொடும். வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகு பழைய சாவியால் திறந்து உள்ளே போவது போலத்தான். விடுவித்துவிட்டால் 'ஓகே' என்றுதான் சொல்ல வேண்டும். இதை எழுதி அனுப்பினேன், அடுத்த பதிப்பில் சரிசெய்தார்.

கோடு தெரியாதவர்களும் உதவலாம். காசிமேட்டு நண்பருக்கு சி மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவர் கடையில் பேட்ச் போட்ட கெர்னலை ஓட்டி, கேபிளைப் பிடுங்கி மாட்டி, லாக் எடுத்துத் தந்தார். அவர் சம்மதத்தோடு 'டெஸ்டெட்-பை' வரியில் அவர் பெயர் போனது. நிஜமான வன்பொருளில் ஓட்டிப் பார்த்த ஒரு ஆள் இருப்பது, பேட்சை ஏற்கும் பொறுப்பாளரான மெயின்டெய்னருக்குப் பெரிய தைரியம்.

குறைகளும் உண்டு. பேட்ச் ஏற்கப்பட்ட உடனே நம் கணினிக்கு வந்துவிடாது. முதன்மைக் கெர்னலான மெயின்லைனில் சேர்ந்த பிறகுதான், ஏற்கெனவே வெளியான கெர்னல்களைப் பராமரிக்கும் ஸ்டேபிள் பக்கம் பார்ப்பார்கள், அதன் பிறகு உபுண்டு போன்ற டிஸ்ட்ரோ. அதுவரை நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டியதுதான். அதைவிடப் பெரிய எரிச்சல் சிப் தயாரிப்பாளர். சிப்பின் விவரக்குறிப்பான டேட்டாஷீட்டை வெளியிடுவதில்லை. டிரைவரில் ஆங்காங்கே அர்த்தம் தெரியாத ஹெக்ஸ் எண்கள். தூங்கி எழுவதில் இன்னொரு சிக்கல் பாக்கியிருக்கிறது. அதற்கு நான் அனுப்பிய திருத்தத்தைப் பார்த்து, "இந்த ரெஜிஸ்டரில் இந்த பிட் என்ன செய்கிறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் தெரிந்த ஒரே இடம் அந்தக் கம்பெனி, அங்கிருந்து பதில் வரவில்லை. பேட்ச் நிலுவையில் நிற்கிறது.

அதுவரை இதே மாதிரி அடாப்டரில் கரண்ட் போய் வந்ததும் நெட் தொங்கினால், சிஸ் (/sys) அடைவில் அந்த யுஎஸ்பி சாதனத்தின் பவர் கன்ட்ரோல் (power/control) கோப்பில் 'ஆன்' (on) என்று எழுதிவிடுங்கள். அடாப்டர் தூங்காது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.